சீர்த்தட்டில் ஒரு மஞ்சள் மாத்திரை

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





நான் 35 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியரா வேலை பார்த்தவள். உங்களில் பாதிப் பேருக்கு நான் நர்சம்மா. ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு குழுவில் சேர்ந்து, மாசாமாசம் உங்களை மாதிரியே சேமிப்பு கட்டிட்டு வர்றேன். "பெண்கள் உடல்நலம்" பற்றிப் பேசச் சொன்னாங்க. அதில் எல்லாத்தையும் பத்து நிமிஷத்துல பேச முடியாது. ஒரே ஒரு விஷயம் பேசறேன்.

போன வருஷம் எங்க குழுக் கூட்டத்துல ஓர் அக்கா உள்கடன் 9,000 ரூபாய் கேட்டாங்க. எதுக்குன்னு ஊக்குநர் கேட்டதுக்கு, "மருமகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணோணுமுங்க" என்றார்கள். அந்தப் பொண்ணுக்கு முதல் கர்ப்பம். அஞ்சாம் மாச ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடு உருவாகலைன்னு சொல்லிட்டாங்க. குழந்தை தங்கலை. அப்புறம் யாரோ, மரபணுப் பரிசோதனை செய்தால் காரணம் தெரியும்னு சொல்லியிருக்காங்க. சீட்டில் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்று எழுதியிருந்தது.

சீட்டை என் கையில கொடுத்துட்டு அந்த அக்கா கேட்டாங்க: "ஏனுங்க நர்சம்மா, அவ மேலதான் குறைன்னு இதுல வந்துட்டா, நாங்க என்ன பண்றதுங்க?"

கெட்ட எண்ணத்துல கேட்கலை. பயத்துல கேட்டாங்க. ஆனா அந்தப் பொண்ணு அங்கேயே வாசப்படி ஓரமா உட்கார்ந்து தரையைப் பார்த்துட்டிருந்தா. அவளைப் பார்த்ததும் எனக்கு வேற ஒருத்தி ஞாபகம் வந்துட்டா. அது நான்தான்.

1988-ல் எனக்கு இரண்டாவது பிரசவம். அப்போ நான் வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். இப்போ மாதிரி ஸ்கேன் அன்னைக்கு எங்க பக்கம் கிடையாது. பத்து மாசம் சுமந்து பெத்த பெண் குழந்தைக்கு நெற்றிக்கு மேல மண்டையோடு இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது, அவ்வளவுதான். என் கையில கூடக் கொடுக்கலை. "பார்க்க வேண்டாம் கண்ணு"ன்னு ஆயா துணியில் சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

வீட்டுக்கு வந்தா ஆளாளுக்கு ஒரு பேச்சு. கிரகணத்தன்னிக்கு வெளியே நின்னா. உச்சி வெயில்ல சுடுகாட்டு வழியா சைக்கிள்ல போனா. ஊர்ல இருக்கிற குழந்தைக்கெல்லாம் ஊசி போட்டா, அந்தக் கண்ணீர் சும்மா விடுமா. என் மாமியார் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை. ஆனா மூணு மாசம் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கலை. நானும் மூத்த குழந்தையே போதும்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன நர்சுக்கு, தனக்குச் சொல்லிக்கத் தைரியம் இல்லாமப் போச்சு.

சில வருஷம் கழிச்சு ஒரு பயிற்சி வகுப்பு. லண்டனில் 1991-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றி டாக்டர் சொன்னார். இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களை 7 நாடுகளில் சேர்த்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். மொத்தம் 1,817 பேர். அடுத்த கர்ப்பம் உண்டாவதற்கு முன்னாடியிருந்தே பாதிப் பேருக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அது இல்லாத மாத்திரை. மாத்திரை சாப்பிட்ட பக்கத்தில் 6 குழந்தைக்கு மறுபடியும் இந்தக் குறை வந்தது. சாப்பிடாத பக்கத்தில் 21 குழந்தைக்கு வந்தது. அதாவது நாலில் மூணு பங்கு, கிட்டத்தட்ட 72 சதவீதம், தடுக்க முடிந்தது.

அந்த வகுப்புல என்னால உட்கார முடியலை. ஏன்னா, அந்த ஃபோலிக் அமிலம் 1988-லும் என் பைக்குள்ளேதான் இருந்தது. ரத்தசோகைக்குன்னு இரும்புச்சத்தோட சேர்த்து வர்ற மாத்திரை. நாலாம் மாசம் ஆன பொண்ணுகளுக்கு வீடு வீடாப் போய் நானே கொடுத்தேன். என் கர்ப்பத்துக்கும் நாலாம் மாசத்துலதான் ஆரம்பிச்சேன். அப்பவே முடிஞ்சு போன காரியம்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது.

ஏன் முடிஞ்சு போச்சுன்னு சொல்றேன். வயித்துல கரு உண்டானதும், மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான துணி மாதிரிதான் இருக்கும். அதன் இரண்டு ஓரமும் மடங்கி வந்து ஒட்டிக் குழாய் மாதிரி ஆகணும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போற பிள்ளைகளுக்கு இது சுலபமாப் புரியும். இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஓவர்லாக் அடிக்கிற மாதிரி. மேல்பக்கம் தையல் விட்டுப்போனா மண்டையோடும் மூளையும் சரியா உருவாகாது. கீழ்ப்பக்கம் விட்டுப்போனா முதுகுல திறப்பு, கால் விளங்காமப் போறது, மூத்திரம் நிக்காமப் போறது. இந்தத் தையல் வேலை கரு உண்டாகி 28 நாளில் முடிஞ்சுடும். மாதவிலக்கு நாள் தள்ளிப்போய் ஏறக்குறைய இரண்டு வாரம். பாதிப் பேருக்கு அப்போ உண்டாகியிருக்கிறதே தெரியாது. தெரிஞ்சு, மாமியார்கிட்ட சொல்லி, நர்ஸைப் பார்த்து, பேர் பதிஞ்சு மாத்திரை வாங்கறதுக்குள்ள தையல் கடையே சாத்தியாச்சு.

அதனால மாத்திரை முன்னாடியே உடம்புல இருக்கணும்.

இந்தச் சத்தைக் கண்டுபிடிச்ச கதை நமக்குத் தெரியணும். ஏன்னா அது நம்ம மாதிரிப் பெண்களால் தெரிஞ்ச சத்து. கோயமுத்தூரில் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் 1888-ல் ஆரம்பிச்சது. அதே வருஷம் இங்கிலாந்தில் பிறந்தவர் லூசி வில்ஸ் என்ற பெண் டாக்டர். 1928-ல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து செத்துப்போனார்கள். காரணம் தேடத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். 1929-ல் சில மாதங்கள் நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். மேட்டுப்பாளையத்துல இருந்து நிமிர்ந்து பார்த்தாத் தெரியுமே, அந்த மலைதான். 1931-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். இன்றைக்கு அது கஸ்தூர்பா காந்தி தாய் சேய் மருத்துவமனை.

அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் கேட்டார். சத்தில்லாத சாப்பாடுதான் காரணமோன்னு சந்தேகம். அதே மாதிரி சாப்பாடு கொடுத்த குரங்குக்கும் ரத்தசோகை வந்தது. மார்மைட்னு ஒரு கறுப்பு விழுது, ஈஸ்ட்டில் இருந்து எடுப்பது. அதைக் கொடுத்ததும் குரங்கு தேறியது. பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். உள்ளே என்ன சத்து இருக்குன்னு அப்போ பேர் தெரியாது. வில்ஸ் சத்துன்னுதான் சொன்னார்கள். 1941-ல் டன் கணக்கில் கீரையைப் பிழிந்து, இலைக்கு லத்தீனில் உள்ள பெயரை வைத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். பி-9 வைட்டமின்னு சொல்றதும் இதைத்தான். அதைத் தொழிற்சாலையில் செய்யும் வழியை 1945 வாக்கில் அமெரிக்காவில் கண்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பம்பாயில் பேர் தெரியாத ஒரு மில் தொழிலாளிப் பெண் உடம்பைக் காட்டினாள். அதனால்தான் இன்றைக்கு நம் கையில் இந்த மாத்திரை இருக்கிறது.

இப்போ அந்தச் சீட்டுக்கு வருவோம்.

நம்ம உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் ஒரு குறிப்பேடு இருக்குன்னு வெச்சுக்கோங்க. குழுவுக்குத் தீர்மான நோட்டு இருக்கிற மாதிரி. எல்லா நோட்டும் இரண்டு பிரதி. ஒண்ணு அம்மா கொடுத்தது, ஒண்ணு அப்பா கொடுத்தது. அதில் ஒரு பக்கம்தான் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு. முதல் எண் நோட்டில், அதாவது முதலாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது ஒரு நொதி செய்கிற முறை. நாம் சாப்பிடும் ஃபோலேட்டை உடம்பு ரத்தத்தில் வைத்துப் புழங்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது அந்த நொதியின் வேலை. அப்புறம் பி-12 வைட்டமினும் கூட நின்றால்தான் மீதி வேலை நடக்கும்.

சிலருக்கு அந்தப் பக்கத்தில் 677-ஆவது எழுத்து மாறியிருக்கும். இதை 1995-ல் கண்டுபிடித்தார்கள். அப்படி மாறினால் நொதி உருவாகும், ஆனால் சூடு தாங்காது, வேகம் குறையும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டறவங்களுக்குத் தெரியும். மோட்டார் சூடேறினா தறி மெதுவா ஓடும், ஆனா நின்னு போகாது. ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தா பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா கொடுத்ததும் அப்பா கொடுத்ததும் இரண்டுமே மாறியிருந்தா வேகம் பாதிக்கும் கீழே போகும். அப்படிப்பட்ட பெண்ணுக்கு இந்த மாதிரிக் குழந்தை பிறக்கிற வாய்ப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதல். ஆனா அவங்களிலும் மிகப் பெரும்பாலானவர்கள் நல்ல குழந்தைதான் பெற்றிருக்கிறார்கள். எழுத்து மாறாத பெண்களுக்கும் இந்தக் குறை வந்திருக்கிறது. மெக்சிகோ, இத்தாலி மாதிரி நாடுகளில் இந்த மாற்றம் நிறையப் பேருக்கு உண்டு. நம்ம நாட்டில் அவ்வளவு இல்லை.

இதில் நல்ல சேதி என்னன்னா, எழுத்து மாறியிருந்தாலும் ஃபோலிக் அமில மாத்திரை வேலை செய்யும். ஒரே அளவு மாத்திரை சாப்பிட்டா, இரண்டு பிரதியும் மாறினவங்களுக்கு ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16 சதவீதம்தான் குறைவா இருக்கும். என்ன எழுத்து இருக்குங்கறதை விட, மாத்திரை சாப்பிட்டாளா இல்லையாங்கறதுதான் பெரிய வித்தியாசம். பரிசோதனை செஞ்சு "மாற்றம் இருக்கு"ன்னு வந்தாலும் மாத்திரைதான். "இல்லை"ன்னு வந்தாலும் மாத்திரைதான். அமெரிக்காவின் மரபியல் மருத்துவர் கழகமே 2013-ல், கரு கலைவதற்காக இந்தப் பரிசோதனையை எழுத வேண்டாம்னு தன் டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் அன்னைக்குக் குழுவில் சொல்லிட்டு, அந்த அக்காகிட்ட கேட்டேன்: "ஏங்க்கா, குழந்தைக்கு ஒரு நோட்டு உங்க மருமக கொடுத்தா. இன்னொரு நோட்டு யார் கொடுத்தது?" கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எம் பையனுங்க" என்றார்கள். "அவனுக்கு யார் கொடுத்தது?" அந்த அக்கா சிரிக்கலை. முந்தானையில் முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் எந்திரிச்சுப் போய் வாசப்படிகிட்ட மருமக பக்கத்துல உட்கார்ந்தாங்க. என் மாமியார் 1988-ல் செய்யாத காரியம் அது. அவங்களைக் குத்தம் சொல்லலை. அவங்களுக்கு இதைச் சொல்ல அன்னைக்கு ஒருத்தரும் இல்லை.

9,000 கடன் கொடுக்கலை. அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரிடம் நானே கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்த்தார். முதல் குழந்தைக்கு இந்தக் குறை இருந்ததால் மற்றவர்களை விட அதிக அளவு மாத்திரை எழுதினார். மூணு மாசம் சாப்பிட்ட பிறகு அடுத்த குழந்தைக்கு யோசிக்கச் சொன்னார். இன்னைக்கு அந்தப் பொண்ணு மாத்திரை சாப்பிட்டுட்டிருக்கா. இனி என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. மாத்திரை நாலில் மூணு பங்குதான் தடுக்கும், நாலையும் தடுக்காது. 1988-ல் நான் முன்னாடியே சாப்பிட்டிருந்தா என் மக பிழைச்சிருப்பாளான்னும் யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு தெரியும். கிரகணமும் சுடுகாடும் காரணம் இல்லை.

இப்போ செய்ய வேண்டியதைச் சொல்றேன், கவனமாக் கேளுங்க.

கல்யாணம் நிச்சயமான பொண்ணு, குழந்தைக்கு ஆசைப்படுற பொண்ணு, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடணும். குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும், மூணு மாசம் முன்னாடின்னா இன்னும் நல்லது. உண்டாகி 12 வாரம் வரைக்கும் விடக்கூடாது. அப்புறம் நாலாம் மாசத்துல இருந்து இரும்புச்சத்து மாத்திரையோட அதுவும் சேர்ந்தே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்க. கடையில் வாங்கினாலும் ஒரு மாத்திரை ஒரு டீ விலைக்கும் குறைவுதான். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பிறந்தவங்க, சர்க்கரை நோய் இருக்கறவங்க, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடறவங்க, கட்டாயம் டாக்டரைப் பார்த்து அளவு கேட்டுக்கணும். வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு தடவை பொண்ணுகளுக்குக் கொடுக்கிற நீல மாத்திரையிலும் இந்தச் சத்து இருக்கு. "வாந்தி வருது"ன்னு ஜன்னல் வழியா எறியறாங்களாம். சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா வாந்தி குறையும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க.

ரேஷன் அரிசியில் நூத்துக்கு ஒண்ணு கணக்கில் கொஞ்சம் நிறம் மாறின அரிசி கலந்து வந்திருக்கு. பிளாஸ்டிக் அரிசின்னு சொல்லி முறத்துல புடைச்சுப் பொறுக்கி எறிஞ்சிருக்கோம். அது அரிசி மாவுல செஞ்சது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 மூணும் அதுல இருக்கு. எறியாதீங்க.

சாப்பாட்டுல நம்ம கொங்குச் சமையலுக்குக் குறைவே இல்லை. கொள்ளு, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, கீரை எல்லாத்துலயும் ஃபோலேட் உண்டு. இது தண்ணியில் கரையும், ரொம்ப வேக வெச்சா அழியும். கொள்ளு வேக வெச்ச தண்ணியை நாம ரசம் வைக்கிறோமே, அது சரியான பழக்கம். கீரையைக் கடையும்போதும் வடிச்ச தண்ணியைக் கொட்டாதீங்க. கவுச்சியே சாப்பிடாத வீட்டுப் பொண்ணுகளுக்கு பி-12 குறையலாம். பால், தயிர், மோர் சேர்த்துக்கட்டும். கை கால் மரத்துப்போனா டாக்டர்கிட்ட பி-12 பற்றிக் கேளுங்க. ஆனா கர்ப்பத்துக்கு முன்னாடி கீரை மட்டும் போதும்னு இருந்துடாதீங்க. மாத்திரையும் வேணும்.

கடைசியா, நம்ம கூட்டமைப்புக்கு மூணு தீர்மானம் கேட்கிறேன். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துல நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும்.

ஒண்ணு, உறுப்பினர் வீட்டுல கல்யாணம் நிச்சயமானா, குழு சார்பில் ஒருத்தர் பொண்ணைப் பார்த்து இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லணும். நம்ம பக்கம் கல்யாணத்துல எத்தனை சீர் செய்யறோம். தட்டுல மஞ்சள், குங்குமம், பூ, பழம் வைக்கிறோம். அதுல ஒரு அட்டை மஞ்சள் மாத்திரையும் இருக்கட்டும்.

இரண்டு, குழந்தை தங்காத பொண்ணுக்குப் பெரிய பெரிய பரிசோதனைக்குன்னு கடன் கேட்டு வந்தா, முதல்ல அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிட்டுப் போகணும். துணைக்கு ஆள் இல்லைன்னா என்னைக் கூப்பிடுங்க, நான் வர்றேன்.

மூணாவது தீர்மானத்துக்குக் காசு வேண்டாம். எந்த வீட்டுல இப்படிக் குழந்தை பிறந்தாலும், "யார் மேல குறை"ன்னு நம்ம உறுப்பினர் யாரும் கேட்கக் கூடாது. அந்தப் பொண்ணு பக்கத்துல போய் உட்காரணும்.

என் மக பிறந்திருந்த நாள் ஆடி மாசம். அவளுக்கு நாங்க பேர் வைக்கலை. இத்தனை வருஷம் நான் யார்கிட்டயும் சொன்னதும் இல்லை. இன்னைக்கு உங்ககிட்ட சொல்லிட்டேன்.  எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.